திறக்காத மூன்று பொட்டலங்கள்

பிற்பகல் தேநீரில் ஆடை படியத் தொடங்கிய நேரம். ஆய்வுகூடத்தில் என்னையும் பாக்கியத்தையும் தவிர யாரும் இல்லை. பாக்கியம் என் தேநீர்க் கோப்பையை எடுத்து யன்னல் கட்டையில் வைத்தார். அது இருந்த இடத்தில், கையுறை போட்ட கையால், ஒரு சிறிய பொட்டலத்தை வைத்தார்.

பழுப்புக் காகிதம். குறுக்கும் நெடுக்குமாகச் சணல் நூல். உச்சியில் இரண்டு முடிச்சு. நூலின் நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது.

"இது மூணாவதுங்க ஐயா."

"என்ன மூண்டாவது?"

"அவுக்காமலே குப்பைக்கு வர்ற மூணாவது பொட்டலம்."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

பாக்கியம் எங்கள் சிற்றூழியர். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். நாங்கள் சோதித்து முடித்த மாதிரிகளைக் கிருமி நீக்கி அப்புறப்படுத்துவது அவருடைய வேலை. மேசையில் இருந்த பொட்டலத்துக்குள் ஒரு மனிதரின் மலம் இருந்தது. அதைச் சோதித்துவிட்டதாகவும், அதில் புழுவோ முட்டையோ எதுவும் இல்லை என்றும் அன்று காலை பத்து மணிக்கே நான் கையெழுத்திட்டு அறிக்கை அனுப்பியிருந்தேன்.

இடியப்பம் சாப்பிடுவோருக்கு

இந்த வாரம் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்ட என் மனைவி, பதிலைக் கேட்டதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, சனம் ஞாயிற்றுக்கிழமை காலமை இடியப்பத்தோட வாசிக்கிற பத்திரிகை இது. உதையோ எழுதப் போறியள்? போன கிழமை றெயிலைப் பற்றி எழுதினது எவ்வளவு வடிவாய் இருந்தது!"

அவர் சொல்வது நியாயம். ஆகவே இடியப்பம் சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் காத்திருப்பேன். முப்பத்தைந்து வருடம் பதுளையில் அந்தப் பொருளைப் பார்த்தே சம்பளம் வாங்கினேன். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு இடியப்பமும் அவிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் வேலைக்கு வந்தபோது, குளிரும் மழையும்தான் பெரிய சோதனையாக இருக்கும் என்று நினைத்தேன். பெரிய சோதனை போத்தல்களாக வந்தது. மாதிரி கொண்டுவர நாங்கள் கொடுக்கும் குப்பி சின்னது. சனத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜாம் போத்தல் வரும், தைலக் குப்பி வரும், மீன் டின் வரும். வெலிமடையிலிருந்து ஒரு கிழங்குத் தோட்டக்காரர் பெரிய ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கொண்டுவந்து, "கொறச்சல் இல்லாம கொண்டாந்திருக்கேன் சேர், நல்லாப் பாருங்க" என்றார். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி, நகைப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதன்மேல் குப்பியை உட்கார்த்திக் கொண்டுவந்தார். மறுநாள் திரும்பி வந்தார். "அறிக்கை ஆறுதலா தாங்க தம்பி. பெட்டிய மட்டும் இப்ப தந்துடுங்க, வீட்டுல தேடுறாங்க."

எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். ஆரம்ப காலத்தில் கையுறைகூட இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கொளுக்கிப்புழு இல்லாதது அப்போது எந்தத் தோட்டத்திலும் இல்லை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், முட்டைகள் ஆற்றுக் கூழாங்கல் போலத் தெரியும். ஒன்றையும் தவறவிட்டதில்லை. "ஐயாவின் கண்" என்று வைத்தியர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

அப்படிப்பட்ட நான் மூன்று பொட்டலங்களைத் திறக்கவில்லை.

பொட்டலக்காரர்

அவரை வேலு என்று அழைக்கிறேன். இதை எழுத அவர் சம்மதித்திருக்கிறார். பெயரையும் அவரே தெரிவு செய்தார். "வேலுன்னே போடுங்க ஐயா. நம்ம பக்கம் ஒரு கல்ல விட்டெறிஞ்சா நாலு வேலு மேல படும். எவன்னு தேடுவாங்க?" ஊரையும் இடத்தையும் நானும் கொஞ்சம் அங்குமிங்கும் நகர்த்தியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஓரிரு வருடங்கள் இருந்தபோது அவர் முதன்முதல், மாதிரி வாங்கும் எங்கள் யன்னலுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். பருத்திருந்த ஆள் மெலிந்துவிட்டார் என்பது கால்சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. இடுப்பில் சுருக்கிச் சணல் நூலால் கட்டியிருந்தார். பல வாரங்களாக வயிற்றுப்போக்கு. தோட்டத்து மருந்துச்சாலையில் பூச்சி மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை.

"இதென்ன, பார்சலோ?" என்றேன், அவர் நீட்டிய பொட்டலத்தைப் பார்த்து.

"பஸ்ல கொண்டாரணுமேங்க. பசறை பஸ் ஐயாவுக்குத் தெரியாததா? வளைவுக்கு வளைவு ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காருவோம். என்ன பொட்டலம்னு யாராவது கேட்டா சாம்பிள்ம்பேன். பொய்யில்லையேங்க."

வேலு வேலை செய்தது தேயிலைத் தொழிற்சாலையில். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். கொழும்புத் தரகர்களுக்கு அனுப்பும் தேயிலை மாதிரிகளைப் பொட்டலம் கட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று. பழுப்புக் காகிதத்தை மடித்து, சணல் நூலைச் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகுவார். வழியில் யாராவது அவிழ்த்தால் மறுபடி அதே மாதிரிக் கட்ட முடியாது. மலக் குப்பியையும் அவர் அதே ஒழுங்கில் கட்டிக்கொண்டு வந்தார். கைப்பழக்கம் பாதி, வெட்கம் பாதி.

நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவர் போனபின் படிவத்தைப் பார்த்தேன். அதில் பெயர் இல்லை. எண் மட்டும் இருந்தது.

எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பார்க்கும் கிளினிக்கிலிருந்து வரும் படிவங்களில் இரகசியம் காப்பதற்காகப் பெயர் எழுத மாட்டார்கள். வேறு எல்லாப் படிவங்களிலும் பெயர் இருக்கும். ஆகவே பெயரில்லாத படிவம் எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும்.

நான் எடுத்த வகுப்பு

வேலுவுக்கு அந்தத் தொற்று எப்படி வந்தது என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. புழு எப்படி வந்தது என்று யாரையும் அந்தத் தொனியில் கேட்பதில்லையே.

இந்த விடயத்தில் நான் அறியாதவன் அல்லன். எச்.ஐ.வி. மலத்தால் தொற்றாது. தொட்டால் தொற்றாது. கூட இருந்து சாப்பிட்டால் தொற்றாது. இவற்றை நான் வாசித்திருந்தேன் என்பது மட்டுமில்லை, தோட்டப் பாடசாலைகளுக்குப் போய்ப் படம் காட்டி வகுப்பும் எடுத்திருக்கிறேன். ஒரு வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "அப்ப நீங்க அவங்களைத் தொடுவீங்களா சேர்?" என்று கேட்டாள். "தாராளமாய்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

வேலு வந்த அந்த முதல் நாள் அவருடைய பொட்டலம் என் முன்னால் இருந்தது. பெட்டி பெட்டியாகக் கையுறை இருந்தது. என் கை நீளவில்லை.

ஏன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நல்ல காரணம் ஒன்றும் அகப்படவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். அறிவு வாயில் இருந்தது, பயம் கையில் இருந்தது. மற்ற மாதிரிகளை முதலில் முடிப்போம் என்று அதைத் தள்ளி வைத்தேன். கடைசியில் அது மட்டும் மிஞ்சியபோது, அறிக்கையில் "எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினேன். அது முழுப் பொய்யும் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்காதவனுக்கு எதுவும் காணப்படாதுதானே.

இரண்டாம் முறை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. மூன்றாம் முறை தயங்கவில்லை.

கூடையில் விழுந்தது

இனிப் பாக்கியத்திடம் திரும்புவோம். அவர் இன்னும் என் மேசைக்கு முன்னால்தான் நிற்கிறார்.

"முத தடவ நான் மறதின்னு நெனச்சேன். ரெண்டாந் தடவ ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன். இன்னிக்கும் பேசாமத்தான் இருந்திருப்பேன். ஆனா அந்த மனுசன் டொக்டர் அம்மாகிட்ட ஏச்சு வாங்கிட்டு வெளிய வந்தாரு. வந்தவரு மாத்திரை பேக்கட்ட அப்படியே குப்பக் கூடையில போட்டுட்டு விறுவிறுன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிட்டாரு."

"எந்த மாத்திரை?"

பாக்கியம் சட்டைப் பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து மேசையில் வைத்தார். எச்.ஐ.வி.க்கான மாத்திரைகள். அன்றுதான் கொடுத்தவை, ஒரு மாதத்துக்கு உரியவை. ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு உடனே விளங்கியது. மூன்று முறை சோதித்தும் குடலில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. நோயாளியோ நாளுக்கு நாள் உருகுகிறார். அப்படியென்றால் அவர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்றுதான் வைத்தியர் எண்ணுவார். விழுங்கியவருக்கு அந்தப் பழி எப்படி இருந்திருக்கும்! இனி அந்த மாத்திரையை அவர் தொடமாட்டார். தொடாவிட்டால் ஒரு வருடம் தாங்குவாரோ என்னவோ. அதை அறியும் அளவுக்கு நான் படித்திருந்தேன்.

"திறங்க ஐயா," என்றார் பாக்கியம். "நான் பக்கத்துலதான நிக்கிறேன். கடிக்காது."

ஒரு சொட்டு உப்புநீர்

கையுறை போட்டேன். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, கத்தரித்தேன். தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர், அதில் துளியளவு மாதிரி. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. முதற் பார்வையிலேயே தெரிந்தன. நூலை வெட்டிப் போட்டதுபோல, நெளிந்துகொண்டும் துள்ளிக்கொண்டும் புழுக்குஞ்சுகள். ஒன்று இரண்டு அல்ல, ஒரு திருவிழாக் கூட்டம்.

இதை நூற்புழு என்போம். வெறுங்காலோடு ஈரமண்ணை மிதிப்பவரின் தோல் வழியாக ஏறி, குடலில் குடியிருக்கும். அங்கே பொரித்த குஞ்சுகள் சில வெளியே வராமல் அதே உடம்பைச் சுற்றிவிட்டு மறுபடி குடலுக்கே வந்து சேரும். அதனால் ஒரு முறை ஏறியது பல வருடம் இருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். அது குறைந்துவிட்டால் பெருகிவிடும். தோட்டத்தில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரைக்கு அது மசியாது. அதற்கு வேறு மாத்திரை உண்டு. சில நாள் மருந்து.

"நானும் பாக்கவாங்க?" என்று பாக்கியம் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "ஆத்தாடி! எம்புட்டுக் குஷியா ஆடுதுங்க! அந்த மனுசன் சோறு பூரா இதுகளுக்குத்தான் போயிருக்கு."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெளியே போய், ஆறிப்போன தேநீரை ஊற்றிவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவந்து தந்தார்.

புதிய அறிக்கையை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனேன். இளம் பெண். சிங்களவர். தோட்டத்துச் சனத்தோடு பேசுவதற்கென்றே தமிழ் கற்றுக்கொண்டவர். "மறுபடி பார்த்தேன், இருக்கிறது" என்று சொன்னேன். எத்தனை பொறுமை உங்களுக்கு என்று அவர் என்னைப் பாராட்டினார். மாத்திரைப் பொதியையும் கொடுத்தேன். கூடையில் கிடந்தது என்றேன். அவருடைய முகம் மாறியது.

"பார்த்தீர்களா, நான் நினைத்தது சரி. ஒழுங்காகப் போடுகிறேன் என்று சத்தியம் பண்ணினார். புழு வேறு, இது வேறு. பொய் சொல்லியிருக்கிறார்."

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். "அவர் இன்றைக்குத்தான் எறிந்தார், என்னால்தான் எறிந்தார்" என்று. சொல்லவில்லை.

ஸ்டோருக்குப் போனேன்

வேலு தந்திருந்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. லயத்துக்கு ஆள் அனுப்பினால் தோட்டம் முழுவதும் காரணம் கேட்கும். "நான் போய் வாறன்" என்றேன். வைத்தியர் என்னை இன்னும் ஒரு படி மேலே தூக்கி வைத்தார்.

மறுநாள் காலை, புழு மாத்திரையையும் மற்ற மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பசறை பஸ்ஸில் ஏறினேன். ஸ்டோருக்குள் நுழைய ஒரு சாக்கு வேண்டுமே, தேயிலை வாங்க வந்ததாகச் சொன்னேன். குடையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்த என்னைப் பார்த்த, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர், மேலிடத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பரிசோதிக்க வந்த ஆள் என்று முடிவு செய்துவிட்டார். எட்டுக் கோப்பையில் எட்டு வகைத் தேயிலைச் சாயம் ஊற்றி வரிசையாக வைத்தார்கள். உறிஞ்சித் துப்பிப் பார்க்க வேண்டுமாம். எனக்குத் துப்பத் தெரியவில்லை, எட்டையும் குடித்தேன். "சேருக்கு எது பிடிச்சது?" என்று அவர் பவ்வியமாகக் கேட்டார். "ஐந்தாவது" என்றேன். அவர் முகம் வாடியதிலிருந்து ஐந்தாவது மட்டமான ரகம் என்று தெரிந்துகொண்டேன்.

"வேலு! சேருக்கு அஞ்சுல ஒரு பொட்டலம் கட்டிக் குடு!"

வேலு வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். சல்லடை இயந்திரம் போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதன் பக்கத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்.

"இங்க எதுக்குங்க வந்தீங்க?" பின்னால் திரும்பி டீமேக்கரைப் பார்த்துக்கொண்டார். "என் வேலைக்கு ஒல வைக்கவா?"

"உம்மட வயித்தில புழு இருக்கு. கண்டுபிடிச்சிட்டம். மருந்து கொண்டு வந்திருக்கிறன்."

"மூணு தடவ இல்லன்னீங்களே?"

நான் அதற்குப் பதில் தயாரித்துத்தான் வந்திருந்தேன். "அது ஒளிச்சு விளையாடுற சாதி. ஒரு நாளைக்குத் தெரியும், ஒரு நாளைக்குத் தெரியாது."

அது விஞ்ஞான உண்மை. நூற்புழு அப்படிப்பட்டதுதான். அந்த உண்மையை நான் அன்று பொய்யாகப் பயன்படுத்தினேன்.

வேலு பையைத் திறந்து, தான் எறிந்த பொதியைப் பார்த்தார். "இந்த மாத்திரையாலதான் வயிறு போகுதுன்னு நெனச்சேங்க. போட்டாலும் நம்ப மாட்டேங்குறாங்க, எதுக்குப் போடணும்னு எறிஞ்சுட்டேன்."

"வயிறு போறது புழுவால. இது உம்மைக் காப்பாத்துறது. ரெண்டையும் எடும்."

"எடுத்தா சாக மாட்டேனா?" இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கேட்டார்.

"மாட்டீர்!" என்று நானும் கத்தினேன்.

டீமேக்கர் தூரத்திலிருந்து ஐந்தாம் ரகத்தைப் பற்றித்தான் ஏதோ விவாதம் என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கிக்கொண்ட நன்றி

வேலு பிழைத்தார். ஒரு மாதத்தில் வயிறு நின்றது. சில மாதத்தில் கால்சட்டைக்கு நூல் தேவைப்படவில்லை. ஒரு வருடத்தில் அவருடைய மனைவி செல்வி, "இப்ப பொத்தான் தெறிக்குதுங்க ஐயா" என்று முறைப்பாடு சொன்னார். செல்விக்குத் தொற்று இல்லை. சோதித்துச் சொன்னவன் நான்தான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் இருவரும் பலகாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "என் உயிரக் குடுத்த ஐயா" என்று என் மனைவியிடம் சொல்வார் வேலு. என் மனைவிக்குப் பெருமை பொறுக்காது. நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு முற்றத்தைப் பார்ப்பேன். நல்ல முறுக்கு. அதை ருசித்துச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாக்கியம் மட்டும் விடவில்லை. ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனபிறகும் ஒவ்வொரு புதுவருடத்துக்கும் தொலைபேசி எடுப்பார். நலம் விசாரிப்பார். மழை, மரக்கறி விலை, பேரப்பிள்ளைகள். கடைசியில் அதே குரலில், "சொல்லிட்டீங்களா ஐயா?"

"இன்னும் இல்லை, பாக்கியம்."

"சரிங்க. அடுத்த வருசம் கேக்கிறேன்."

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம். இந்த வருடம் அவர் வேறு ஒன்றும் சேர்த்துச் சொன்னார். "எனக்கும் வயசாகுதுங்க. எத்தன வருசத்துக்குத்தான் கேப்பேன்?"

பெரகலச் சந்தியில்

வேலு இப்போது தோட்டத்தில் இல்லை. பெரகலச் சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சொல்லிவிடுவது என்று இரண்டு முறை பஸ் ஏறிப் போனேன். இரண்டு முறையும் ரொட்டியும் பருப்புக் கறியும் சாப்பிட்டுவிட்டு, காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை சாப்பிடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு போனேன்.

பகல் கூட்டம் கலைந்த நேரம். செல்வி உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். வேலு ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"வாங்க ஐயா! ஒரு மாசத்துல மூணாந் தடவ. நம்ம ரொட்டிக்கு இம்புட்டு மவுசா?"

நான் நின்றபடியே சொன்னேன். பூசி மெழுகவில்லை. "வேலு, அந்தப் புழு ஒளிச்சு விளையாடேல்லை. நான் உங்கட பொட்டலத்தைத் திறக்கவே இல்லை. மூண்டு தரமும் திறக்கேல்லை. உங்களுக்கு என்ன தொற்று எண்டு தெரிஞ்ச பயத்தில, பாக்காமலே இல்லை எண்டு எழுதினன்."

அவருடைய கை மாவுக்குள் நின்றுவிட்டது. சந்தியில் லொறி ஒன்று கியர் மாற்றி ஏறியது.

"வகுப்பெல்லாம் எடுப்பீங்களாமே," என்றார்.

"ஓம்."

"நம்ம அக்கா மக உங்க வகுப்புல இருந்திருக்கா. நல்லாச் சொல்லிக் குடுத்தாருன்னா."

வேலு மாவை மறுபடி பிசைந்தார். வேகமாக, மிக வேகமாகப் பிசைந்தார்.

"செத்திருப்பேன். சரி, சாகல. அது போகட்டும். ஐயாவுக்கு ஒன்னு தெரியுமா? அந்த டொக்டர் அம்மா முன்னால நான் என் பொஞ்சாதி தலையில கைய வச்சு சத்தியம் பண்ணேன். ஒரு மாத்திரை விடலன்னு. உண்மையில விடலங்க. அந்த அம்மா என்னைப் பாத்த பார்வை! அதுக்கப்புறம் அந்த அம்மா அங்க இருந்த நாலு வருசமும், கிளினிக்குக்குப் போற நேரமெல்லாம் மிச்ச மாத்திரைய மேசையில கொட்டி எண்ணிக் காட்டணும். எனக்கு மட்டும். மத்தவங்க சும்மா போவாங்க, நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எண்ணுவேன். ஏன்னா நான் பொய்க்காரன்."

"நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்."

"ஆமாங்க. சொல்லியிருக்கணும்." முகத்தை நிமிர்த்தினார். "இப்ப சொல்லுங்க."

"யாருக்கு?"

"எனக்கு எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே நான் போட்டேன்னு. அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. வேலு பொய் சொல்லலன்னு சொல்லுங்க."

அந்த வைத்தியர் இப்போது தெற்கில், கடற்கரைப் பட்டினம் ஒன்றில் இருக்கிறார். சித்திரை வருடத்துக்கு எனக்கு வாழ்த்து அனுப்புபவர். இலக்கம் என் தொலைபேசியில் இருந்தது. இப்போதா என்று கேட்பதுபோல வேலுவைப் பார்த்தேன். இப்போதுதான் என்பதுபோல அவர் அடுப்பைத் தணித்தார்.

அழைத்தேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார், போட்டேன். வைத்தியர் மகிழ்ச்சியோடு சுகம் விசாரித்தார். நான் சிங்களத்தில் தொடங்கினேன். "தமிழ்ல," என்றார் வேலு. தமிழில் முழுவதையும் மறுபடி சொன்னேன். பொட்டலம், மூன்று அறிக்கை, கூடையில் விழுந்த மாத்திரை, அன்றைக்கு நான் விழுங்கிய அந்த ஒரு வாக்கியம். எழுபது கடந்த வயதில், ஒரு சந்திக் கடையில், மாவு மணத்துக்கு நடுவில் நின்று சொன்னேன்.

"அவர் பக்கத்தில் இருக்கிறாரா?" என்று வைத்தியர் கேட்டார்.

வேலு மாவுக் கையோடு குனிந்து, தொலைபேசியைத் தொடாமல் அதன் பக்கத்தில் வாயை வைத்தார். "இருக்கேங்க டொக்டர் அம்மா."

"வேலு, நான் உங்களை நம்பவில்லை. நம்பியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்."

கற்றுக்கொண்ட தமிழ், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, அழுத்தமாக வந்தது. வேலு புறங்கையால் மூக்கைத் துடைத்தார். கன்னத்தில் மாவு ஒட்டியது.

"பரவால்லைங்க அம்மா. சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லை."

"மணி ரெண்டரை ஆச்சு! சாப்பிடுங்க மொதல்ல!" என்று அதட்டினார். அந்தப் பக்கத்தில் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

தொலைபேசியை அணைத்தேன். என்னைப் பற்றி வேலு ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கேட்கலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் வாங்குக்கு அடியிலிருந்து ஒரு கட்டு லீக்ஸை இழுத்து மேசையில் போட்டார்.

"பதுள பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு. சாயங்காலம் கொத்து ரொட்டிக்கு இம்புட்டும் அரியணும். செல்வியும் இல்ல. ஐயாவுக்குக் கத்தி புடிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

கத்தியை எடுக்கப் போனேன்.

"நில்லுங்க, நில்லுங்க." வேலு மாவுக் கையால் என்னை மறித்து, பின்பக்கத்துக் குழாயைக் காட்டினார். "மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க. சும்மா நனைக்கிறதில்ல, சவுக்காரம் போட்டு. நம்ம கடையில சனம் சாப்பிடுது."

போய்க் கழுவினேன். திரும்பி வந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். அவர் குனிந்து, விரல்களைப் புரட்டி, ஒரு நகத்தையும் விடாமல் பார்த்தார். பிறகு கத்தியைத் தந்தார்.